உழாத காட்டில் மேல் இரண்டு அங்குலம்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வேளாண்மை அலுவலர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். நிலத்தை அதிகம் உழாமல், அறுத்த பயிரின் தட்டையை அப்படியே நிலத்தில் விட்டால் மண்ணுக்கு என்ன நன்மை என்று குருவிகுளம் பக்கத்து விவசாயிகளுக்குக் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டுமாம். “சார், உங்க காலத்துல இதெல்லாம் கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க அதிகமாகியது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டதா! மூன்று வருடம் அதற்காகச் சைக்கிள் மிதித்தவன் நான். அந்தக் கதையைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு சின்ன மண் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளன். பெயர் சுப்பையா. பயிற்சி என்று எனக்குக் கொடுத்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஆறு மாதம் குடுவை கழுவினேன், ஆறு மாதம் மண் சலித்தேன், அதற்குப் பிறகு ஒருநாள் தராசைத் தொட அனுமதித்தார்கள். வாடகைக் கட்டடம். முன்னறையில் மண் காயும், பின்னறையில் அமிலம் இருக்கும். கோயிலுக்கு வந்து திரும்புகிற வழியில் எட்டிப் பார்க்கிற சிலர் அங்கே பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண்ணை மடியிலிருந்து எடுத்துக் காட்டி, இதில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்பார்கள். “அதுல பக்தி இருக்கு, அதை அளக்க எங்ககிட்ட மருந்து இல்ல” என்று சொல்லிக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன்.

எங்களுக்கு அலுவலராக வந்தவர் எஸ்தர் மேடம். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். சேர்ந்த முதல் நாளே எல்லாக் குடுவைகளையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பதினோராவது குடுவையை என் கையில் கொடுத்து, “சுப்பையா, இதுல மட்டும் உங்க கைரேகை இருக்கு. மத்த பத்தும் நல்லாக் கழுவியிருக்கீங்க” என்றார். திட்டா, பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை செய்யும்போது குடுவையோடு பேசுவார். “வா ராசா, மாறு, மாறு” என்பார். ஒரே மண்ணை மூன்று முறை சோதித்து மூன்றும் ஒத்து வந்தால்தான் நோட்டில் எழுதுவார். ஒத்து வந்துவிட்டால் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்காருவார். அரசாங்க அலுவலர் ஒருவர் நாற்காலியைச் சுற்றி ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் செல்லத்தாய் எங்கள் கூடத்துக்கு வந்தார். குருவிகுளத்துக்குத் தெற்கே மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருப்பவர். கரிசல் மண். கிணறு கிடையாது, வானம் பார்த்த விவசாயம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முந்தானையில் ஒரு கட்டி மண்ணை முடிந்து கொண்டுவந்திருந்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஏம்மா, உழாம வெதைச்சா மண்ணுக்கு என்ன ஆகும்?”

“ஏன் உழலை?” என்றார் மேடம்.

“உழுத மாட்டுல ஒண்ணு செத்துப்போச்சு. கோடை உழவு இல்ல. எங்க அண்ணன் முத்தையா ஜோடி மாடு வச்சிருக்கான். கேட்டா, ‘மாடு தாரேன், ஆனா காட்டை எனக்கு வாரத்துக்கு விட்டுரு, வெளைச்சல்ல பங்கு தாரேன்’ங்கான். எங்க அப்பா எனக்குக் குடுத்த காடும்மா அது. ஒருக்க வாரத்துக்குப் போனா திரும்பி வராது.”

மேடத்தின் கண் அகலமாவதை நான் பார்த்தேன். “அறுத்த சோளத்தட்டை காட்டுல நிக்கா?”

“பாதி நிக்கி. ஒத்தை மாட்டுக்கு எம்புட்டுத் தட்டை வேணும்? வேண்டியதை அறுத்துட்டேன்.”

மேடம் எழுந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். சோதனை எதுவுமே இன்னும் செய்யவில்லை, அதற்குள்! “அந்தத் தட்டை அப்படியே நிக்கட்டும்மா. பிடுங்காதீங்க, எரிக்காதீங்க. வெதைக்கிற அன்னைக்கு மட்டும் ஒரே ஒரு சால் கீறினாப் போதும். மண்ணு என்ன ஆகுதுன்னு நாங்க பாத்துச் சொல்லுதோம்.”

செல்லத்தாயின் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. உழாமல் போட்ட காட்டைப் பார்த்தால் ஊரே சிரிக்கும் என்பது அவர் கவலை. அதில் தப்பும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் ஐந்து உழவு உழுதவன்தான் சம்சாரி, அதாவது விவசாயி. பக்கத்துக் காடுதான் முத்தையாவுடையது. இரண்டும் முன்பு ஒரே காடு, அப்பா பிரித்துக் கொடுத்தது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு காட்டிலும் மண் எடுத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே மாதிரிதான். மேடம் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டார்.

மண் எடுப்பது என்றால் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி அள்ளுவது என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இடம் தேர்வு செய்ய வேண்டும். வரப்போரம் கூடாது, மர நிழல் கூடாது, எருக் கொட்டிய இடம் கூடாது. மேலே கிடக்கும் தட்டையையும் தூசியையும் கையால் விலக்கி, ‘வி’ வடிவில் ஆறு அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரைக்கும் ஒரே கனத்துக்கு ஒரு சீவல் சீவ வேண்டும். பதினைந்து சீவலையும் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மறுபடி கலக்கல், மறுபடி தள்ளல். கடைசியில் மிஞ்சுகிற அரைக் கிலோதான் பைக்குள் போகும். செல்லத்தாய் இதை முதல் தடவை பார்த்தபோது, “இந்தப் பாடு பட்டதுக்கு நீங்க உழுதே குடுத்திருக்கலாம் தம்பி” என்றார்.

முதல் மழை பெய்தது. ஊர்க்காரர் ஒருவரின் மாட்டை ஒரு நாளைக்கு வாங்கி ஜோடி சேர்த்து, தட்டை வரிசைக்கு நடுவில் ஒற்றைச் சால் கீறிச் சோளம் விதைத்தார்கள். முளைப்பு அருமை. நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினேன்.

மூன்றாம் வாரம் போனேன். பாட்டு நின்றது.

முத்தையா காடு கரும்பச்சையாக நின்றது. செல்லத்தாய் காடு வெளிறிப்போய், மஞ்சள் காமாலை வந்த மாதிரி நின்றது. போதாக்குறைக்குக் களையும் அதிகம். செல்லத்தாய் குத்துக்காலிட்டுக் களை கொத்திக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. முத்தையா தன் வரப்பில் துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

“வாரும்வே ஆபீசரே! என் தங்கச்சி காட்டுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி விட்டுட்டீரா? நல்லா இருக்குவே!”

வெள்ளைச்சாமி என்னோடு பேசவே இல்லை. மனைவியிடம்தான் பேசினார். “ஏட்டி, சொன்னேனா இல்லையா? இந்த ஒரு வெள்ளாமை போவட்டும். இன்னொண்ணும் இப்படின்னா காடு மச்சானுக்கு வாரத்துக்குத்தான். அப்புறம் நீ ஒண்ணும் பேசக் கூடாது.”

நான் திரும்பி வந்து மேடத்திடம் ஒரு வார்த்தையில் சொன்னேன்: “மஞ்சள்.” மேடம் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குருவிகுளம் போய் இறங்கி, அங்கிருந்து நடந்தோம். கரிசல் சேறு செருப்பில் அப்பி அப்பி மேடம் ஒரு கட்டத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். காட்டுக்குள் போனதும் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார், தட்டை ஒன்றை உடைத்துப் பார்த்தார். பிறகு செல்லத்தாய் முன்னால் போய் நின்றார்.

“தப்பு எங்க மேலதாம்மா. முதல்லயே சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ அலுவலர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். மழை மேல் பழி போடுவார்கள், விதை மேல் போடுவார்கள், என் மேல் போடுவார்கள். ஒரு விவசாயி முன்னால், காட்டுச் சேற்றில் வெறுங்காலோடு நின்று, தப்பு என்னுடையது என்று சொன்ன அலுவலரை அன்றுதான் பார்த்தேன்.

மேடம் விளக்கினார். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. காய்ந்த தட்டை கிடைத்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம், தின்ன ஆரம்பித்துவிடும். ஆனால் தட்டையில் தழைச்சத்து குறைவு. அதனால் தட்டையை மென்று தின்பதற்கு மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிருக்குப் பட்டினி. “அதுங்க தின்னு முடிச்சதும் எடுத்ததைத் திருப்பிக் குடுத்துரும். அது வரைக்கும் நாம கொஞ்சம் யூரியா போட்டுத் தாங்கிக்கிடணும்.”

செல்லத்தாய் கேட்டுவிட்டு, “பந்தி நடக்குது, நம்ம பிள்ளைக்குக் கடைசி எலைன்னு சொல்லுதீக. அம்புட்டுத்தானே?” என்றார். மேடம் அப்படியே அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார். இதைவிட நன்றாக எந்தக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போது இரண்டு மூன்று முறை சொன்னார்.

அடுத்த தூறலில் யூரியா போட்டோம். இரண்டு வாரத்தில் பச்சை திரும்பியது. விளைச்சல் முத்தையாவைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் வெள்ளாமை போகவில்லை. வெள்ளைச்சாமி என்னைப் பார்த்துத் தலையசைக்கிற அளவுக்கு இறங்கி வந்தார்.

அடுத்த வருடம் உளுந்து. அதில் குறை இல்லை. அறுவடைக்குப் பிறகு கிடை ஆடுகள் வந்தபோதுதான் பெரிய யுத்தம். காட்டில் கிடக்கிற கொடியும் தட்டையும் ஆட்டுக்குப் பாத்தியம் என்பது அங்கு வழக்கம். செல்லத்தாய் கம்பு எடுத்துக்கொண்டு ஒரு மாதம் காவல் நின்றார். “எம் மண்ணு திங்கட்டும், உம்ம ஆடு வேற எங்கயாவது திங்கட்டும்” என்று அவர் கத்துவது அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும்.

மூன்றாம் வருடம் மறுபடி சோளம். கார்த்திகையில் மழை பாதியில் நின்றுவிட்டது. உச்சிவெயிலில் முத்தையா காட்டுப் பயிர் இலை சுருட்டிக்கொள்ளும். வரப்பு தாண்டினால் செல்லத்தாய் காட்டில் இலை விரிந்தபடி நிற்கும். தட்டை மூடிய மண்ணில் ஈரம் நின்றது, வெடிப்பும் குறைவு. அந்த வருடம் தங்கச்சி காட்டில் கதிர் கனத்தது. நான் குதித்தேன். முத்தையா அசையவில்லை. வெள்ளைச்சாமியைப் பார்த்துச் சொன்னார்:

“மழை அங்கன ஒரு பொட்டு கூடுதலாப் பெய்ஞ்சிருக்கும். அதெல்லாம் ஒரு கணக்கா? மாப்ள, சொல்லுதேன் கேளும். மூணு வருசமா உழாத மண்ணு. உள்ள இருந்த சத்தைப் பயிரு உறிஞ்சிட்டு. அடுத்த வருசம் பாரும், களிமண் உருண்டைதான். இப்பவே என்கிட்ட விடும், உழுது சரியாக்கித் தாரேன்.”

வெள்ளைச்சாமிக்குப் பயம் பிடித்துவிட்டது. “மண்ணைப் பாத்துச் சொல்லுங்க. சத்து கொறைஞ்சிருந்தா மச்சான்கிட்ட விட்டுருதேன்” என்று மேடத்திடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், காடு இப்போது எங்கள் குடுவைக்குள் வந்துவிட்டது.

இரண்டு காட்டிலும் மண் எடுத்தோம். பதினைந்து இடம், ஆறு அங்குலம், நாலு பங்கு, எல்லாம் ஒழுங்காக. சோதித்தோம். அங்ககக் கரிமம், அதாவது மக்கி மண்ணோடு கலந்த பொருளின் அளவு, இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. மேடம் மறுபடி செய்தார். அதேதான். மூன்றாவது முறையும் அதே. மூன்றும் ஒத்து வந்தும் நாற்காலி அன்று சுற்றப்படவில்லை. “சத்து குறையலைன்னு சொல்லலாம், ஆனா கூடலை” என்றார். மூன்று வருடத் தட்டை எங்கே போனது? இரண்டு நாள் எங்கள் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மேடம் தயிர்சோற்று டப்பாவைத் திறந்தார். மேலே தாளித்துக் கொட்டியிருந்த கடுகும் மிளகாயும் அப்படியே மேலேயே கிடந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியால் அடிவரை ஒரு கலக்குக் கலக்கினார். கடுகு காணாமல் போனது. “சுப்பையா!” என்று அவர் போட்ட சத்தத்தில் நான் சலித்துக்கொண்டிருந்த மண்ணைக் கொட்டிவிட்டேன்.

“உழுத காட்டுல எல்லாம் கலந்து போகும். உழாத காட்டுல யாரு கலக்கினா? தட்டை மேல கிடக்கு, மேலயே மக்குது, சத்து மேலயே நிக்குது. நாம ஆறு அங்குலத்துக்கு வெட்டி, நல்லாக் கலந்து, அதை நாமளே காணாமப் பண்ணிட்டோம்!”

சாப்பாட்டை மூடிவிட்டுக் கிளம்பியாயிற்று. இந்த முறை மேல் இரண்டு அங்குலம் தனி, அதற்குக் கீழே நாலு அங்குலம் தனி. இரண்டு காட்டிலும் அப்படியே. முத்தையா கூடவே நடந்து, எங்கள் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நாலு பைகளின் வாயையும் அவரே கட்டினார், மூக்கணாங்கயிறு கட்டுகிற முடிச்சில். “என் கண்ணு முன்னால அவிழ்க்கணும்” என்றார். “நீங்களே வந்து அவிழ்த்துக் குடுங்க” என்றார் மேடம்.

கட்டிய துணிப்பைக்குள்ளேயே மண் நிழலில் காய்ந்த பிறகு, செல்லத்தாய், வெள்ளைச்சாமி, முத்தையா மூவரும் சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள். செல்லத்தாய் தலைநிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தார், கல்யாணத்துக்கு வந்த மாதிரி. முத்தையா முடிச்சை அவிழ்த்தார். நான் மர உருளையால் மண்ணைப் பொடித்துச் சலித்தேன். மேடம் எடை போட்டு, குடுவையில் ஆரஞ்சு நிறக் கரைசலை ஊற்றினார். எல்லாரையும் வாசல் வரை தள்ளி நிற்க வைத்துவிட்டுக் கந்தக அமிலத்தை ஊற்றினார். குடுவை கொதித்துப் புகைந்தது. வெள்ளைச்சாமி, “அடேயப்பா, நம்ம மண்ணா இப்படிக் கோவப்படுது!” என்றார். அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் சேர்த்து, நாலு சொட்டு நிறங்காட்டி விட்டதும் குடுவை கருநீலமாகியது. இனி மேலே நிற்கிற நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து, அதுதான் பியூரெட், சொட்டுச் சொட்டாக இன்னொரு கரைசலை விட வேண்டும். நீலம் சட்டென்று பச்சையாக மாறுகிற நொடியில் நிறுத்தி, குழாயில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். செல்லத்தாய்க்கு எண் படிக்க வராது. மேடம் பியூரெட் ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, பென்சிலை அவர் கையில் கொடுத்தார்.

முதலில் முத்தையா காட்டு மேல்மண். சொட்டு, சொட்டு. நீலம், நீலம், பச்சை! மூவரும் ஒரே நேரத்தில் “ஏய்!” என்றார்கள். செல்லத்தாய் கோடு போட்டார். பிறகு குழாயை நிரப்பி, அவருடைய காட்டு மேல்மண். இப்போது குழாயின் திருகை அவரையே பிடிக்கச் சொன்னார் மேடம். “வா ராசா, மாறு” என்று மேடம் குடுவையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முதல் கோடு வருவதற்குள், ஒரு விரற்கடைக்கு முன்பே, குடுவை பளிச்சென்று பச்சையாகிவிட்டது.

செல்லத்தாய் திருகை மூடினார். இரண்டாவது கோட்டைப் போட்டார். முகம் விழுந்துபோயிற்று.

“எனக்குக் கொறைச்சலாத்தானே எறங்கியிருக்கு.”

“நான் சொல்லலை?” என்றார் முத்தையா.

மேடத்துக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. கையை ஆட்டி ஆட்டி என்னைச் சொல்லச் சொன்னார். எனக்கும் வாய் குழறியது. “கொறைஞ்சாத்தான் கூட! அந்த ஆரஞ்சுக் கரைசலை மண்ணு தின்னும். மண்ணுல சத்து நிறைய இருந்தா நிறையத் தின்னுரும். மிச்சம் இருக்கதை அடக்கத்தான் மேல இருந்து விடுதோம். உங்க மண்ணு நிறையத் தின்னுட்டு. அதான் மேல இருந்து கொஞ்சம் விட்டாலே போதும்னு சொல்லிட்டு!”

செல்லத்தாய் ஒரு நிமிடம் அந்த இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போட்ட குலவையில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடி வந்துவிட்டார். வெள்ளைச்சாமி என்னைக் கட்டிப் பிடித்தார். முத்தையா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசியில், “இன்னும் ரெண்டு தடவை செய்யணும்னு சொன்னீகளேம்மா. செய்யுங்க” என்றார். செய்தோம். மூன்றும் ஒத்து வந்தன. மேடம் எல்லார் முன்னாலும் நாற்காலியைச் சுற்றினார். செல்லத்தாயும் பின்னாலேயே சுற்றினார்.

அடிமண்ணில் இரண்டு காட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த நாட்களில் தழைச்சத்தும் பார்த்தோம், மேல்மண்ணில் கொஞ்சம் கூடியிருந்தது. சாம்பல்சத்தும் கூடுதல்தான். மணிச்சத்தில் பெரிய மாற்றம் இல்லை. “அதையும் எழுதணும், நல்லதை மட்டும் எழுதினா அது கதை” என்றார் மேடம். முதல் வருட மஞ்சளையும், யூரியாவையும், கூடுதல் களையையும், தீவனத்துக்குத் தட்டை வேண்டும் என்பதால் எல்லாராலும் இதைச் செய்ய முடியாது என்பதையும் எழுதினார்.

காடு வாரத்துக்குப் போகவில்லை. அந்தக் கோடையில் நான் அந்தப் பக்கம் போனபோது, முத்தையா தன் காட்டில் ஒரு மூலையில் மட்டும் தட்டையைப் பாதியில் விட்டு அறுத்திருந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “அருவா மழுங்கிட்டுவே” என்றார்.

எங்கள் அறிக்கையில் ‘சோதனையை நடத்தியவர்’ என்ற இடத்தில் மேடம் தன் பெயரை எழுதவில்லை. செல்லத்தாய் என்று எழுதி அனுப்பிவிட்டார். மேலதிகாரியிடமிருந்து பதினைந்தே நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: மேற்படி நபர் யார், எந்தப் பிரிவில் பணிபுரிகிறார், பதவி என்ன? மேடம் அதைச் சத்தமாகப் படித்தார். எனக்குப் பதற்றம், அவருக்குக் கொண்டாட்டம். பதில் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதி என்னிடம் கொடுத்தார், தபாலில் சேர்க்க. ஒட்டுவதற்கு முன் நான் பிரித்துப் படித்தேன். பிரிவு: மேல் மண். பதவி: காட்டுக்குச் சொந்தக்காரி.

தபாலாபீஸ் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். தபால்தலை ஒட்டிக் கொடுத்தவர், “என்ன அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகையா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.